காசு கொடுத்து ஃபாலோயர்ஸ் வாங்கினேன், இப்போது ரீல்ஸ் போகவே மாட்டேன் என்கிறது. வழி சொல்லுங்கள்

பவானி தறிவீடு:
வணக்கமுங்க. அப்பாவும் சித்தப்பாவும் குழித்தறியில் நெய்யும் ஜமக்காளத்தைக் காட்ட இன்ஸ்டாகிராம் கணக்கு வைத்திருக்கிறேன். எட்டு மாதத்தில் 640 பேர் சேர்ந்தார்கள், ஒரு ரீல் போட்டால் ஆயிரம் பேராவது பார்ப்பார்கள். போன மாதம் ஒருவர் பேச்சைக் கேட்டு ஐயாயிரம் ஃபாலோயர்ஸ் வாங்கினேன். அதிலிருந்து எந்த ரீலும் 150-ஐத் தாண்டவில்லை. "இன்னைக்கு யாராச்சும் கேட்டாங்களா அம்மணி?" என்று அப்பா தினமும் கேட்கிறார். கணக்கை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கட்டுமா?

திருப்பூர் அண்ணன்:
அழிக்காதம்மா. அந்த 640 பேர் நீ சம்பாதித்தவர்கள். விற்றவரிடம் பாஸ்வேர்ட் கொடுத்திருந்தால் உடனே மாற்று. அப்புறம் செட்டிங்ஸில் அக்கவுண்ட் ஸ்டேட்டஸ் பார். ஏதாவது தடை இருந்தால் அங்கேயே காட்டும். ரீலுக்கான கணக்கு விவரம் காட்டும் இன்சைட்ஸில், பார்த்தவர்களில் ஃபாலோயர் அல்லாதவர்கள் எத்தனை சதவீதம் என்றும் சொல்.

பவானி தறிவீடு:
பாஸ்வேர்ட் கொடுக்கவில்லைங்கண்ணா. தடை எதுவும் இல்லை. வெளியாட்கள் 9 சதவீதம்தான், முன்பு பாதிக்கு மேல் இருக்கும்.

திருப்பூர் அண்ணன்:
அதுதான் விஷயம். எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், லைக் போடுகிறார்களா, அடுத்தவருக்கு அனுப்புகிறார்களா, இந்த மூன்றும்தான் முக்கியம் என்று இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசெரியே 2025 ஜனவரியில் சொன்னார். புது ஆட்களிடம் போய்ச் சேர, அனுப்புவதுதான் பெரிது. வாங்கிய ஐயாயிரத்தில் யார் அனுப்பப் போகிறார்கள்? லிஸ்டில் போய் ரிமூவ் செய். அவர்களுக்குத் தகவல் போகாது. ஒரே நாளில் முடிக்க வேண்டாம், தினம் கொஞ்சமாக எடு.

சென்னிமலை அக்கா:
உன் ரீல்ஸ் எல்லாம் பார்த்தேன் கண்ணு. முதல் ஐந்து நொடி லோகோவும் சினிமாப் பாட்டும்தான் ஓடுகிறது. ஒரு ரீலில் பன்னிரண்டாவது நொடியில் சித்தப்பா நூல் சுற்றிய நாடாக் கட்டையைக் கையால் தள்ளிவிட, பக்கத்தில் அப்பா வாங்கி ஊடையை, அதாவது குறுக்கு நூலை, அடித்து இறுக்குகிறார். அங்கிருந்து ஆரம்பி. பாட்டை எடுத்துவிட்டு அந்தச் சத்தத்தை அப்படியே விடு. இன்னொன்று, "பந்தி ஜமக்காளம் கிடைக்குமா" என்று ஒருவர் கேட்டு மூன்று வாரமாகிறது, பதிலே காணோம். கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் வெளியில் ஆள் தேடலாமா? விசைத்தறி ஜமக்காளத்தை எப்படி அடையாளம் காண்பது என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். அப்பாவையே பேச வை, அதைத்தான் குடும்ப குரூப்பில் அனுப்புவார்கள்.

பவானி தறிவீடு:
இரண்டு வாரம் கழித்து வருகிறேன். இதுவரை எண்ணூறு பேரை எடுத்துவிட்டேன், இன்னும் நிறைய இருக்கிறது. அப்பா ஜமக்காளத்தைத் திருப்பிப் போட்டு நூலைத் தடவிக் காட்டிப் பேசிய ரீலை 2,300 பேர் பார்த்தார்கள், 86 பேர் அனுப்பியிருக்கிறார்கள். பந்தி ஜமக்காளம் கேட்டவரிடம் மன்னிப்புக் கேட்டுப் பேசினேங்கக்கா. வைகாசியில் கல்யாணமாம், எட்டு வேண்டுமாம். அப்பா பாவுக்கு நூல் எடுக்கப் போயிருக்கிறார்.