மண்சரிவு அறிக்கை: வரைவில் ஒன்று, இறுதிப் பிரதியில் இன்னொன்று. என்ன செய்யலாம்?

ஊவா_மழைக்கணக்கு:
வணக்கம். அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்தின் மேல் டிவிசன் பற்றிய கேள்வி. மண்சரிவு இடர் மதிப்பீட்டு அறிக்கையின் வரைவில் "லயங்களில் இருப்பவர்களை அகற்ற வேண்டும்" என்று (லயம் என்பது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) இருந்த வரி, இறுதிப் பிரதியில் "தொடர்ந்து அவதானிக்க வேண்டும்" என்று மாறியிருக்கிறது. மேலிடத்து அழுத்தம் என்று ஊரில் பேச்சு. ஆதாரம் எதுவும் இல்லை. தோட்டத்தில் நாளாந்த மழையை அளந்து எழுதிய 1994 முதலான கொப்பிகள் இருக்கின்றன, எல்லாம் அங்குலக் கணக்கு. வெளிநாடுகளில் காலநிலை விஞ்ஞானிகளின் அறிக்கைகளில் இப்படிக் கை வைத்தபோது அது எப்படி வெளியில் வந்தது? இங்கே நாங்கள் எதை முதலில் செய்ய வேண்டும்?

குறிஞ்சி_நிலவியல்:
முதலில் அந்த வரைவைப் பத்திரப்படுத்துங்கள். இந்த மாதிரி விஷயங்களில் வரைவுதான் சாட்சி.

அமெரிக்காவில் 2005இல் வெளிவந்தது கிட்டத்தட்ட உங்கள் கதைதான். வெள்ளை மாளிகையின் சுற்றாடல் தர சபையில் தலைமை அலுவலராக இருந்த ஃபிலிப் கூனி, அதற்கு முன் பெட்ரோலியக் கம்பனிகளின் சங்கத்துக்காக வேலை செய்தவர். விஞ்ஞானப் படிப்பு இல்லாதவர். விஞ்ஞானிகளின் வரைவுகளில் அவர் சொற்களில்தான் கை வைத்தார். "கடினம்" என்று இருந்த இடத்தில் "மிக மிக" என்று முன்னால் சேர்த்தார், பனிப்பாறை உருகுவது பற்றிய பந்தியை வெட்டினார், பல இடங்களில் நிச்சயமின்மையை இன்னும் பெரிதாக்கினார். அந்தத் திட்டத்தில் வேலை செய்த ரிக் பில்ட்ஸ் என்பவர், கையால் திருத்தம் எழுதிய வரைவுகளையே பத்திரிகைக்குக் கொடுத்ததால்தான் இது தெரிய வந்தது. சில நாட்களில் கூனி பதவி விலகி எக்ஸான்மொபில் கம்பனிக்குப் போனார்.

ஆகவே "யார் அழுத்தம் கொடுத்தது" என்று தேடி அலையாதீர்கள். எந்தச் சொல், எந்தத் திகதிக்கும் எந்தத் திகதிக்கும் இடையில், எந்த மேசையில் மாறியது என்று காட்டினால் போதும்.

அதற்கு இங்கே வழி இருக்கிறது: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம். தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. தோட்டக் கம்பனியிடம் போய் நிற்காதீர்கள். தனியார் கம்பனி இந்தச் சட்டத்துக்குள் வருமா என்ற வாதத்திலேயே மாதங்கள் போய்விடும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், பிரதேச செயலகம், மாவட்ட செயலகம் மூன்றுக்கும் தனித்தனியாக ஒரே நாளில் அனுப்புங்கள். ஓரிடத்தில் இல்லாமல் போன கடிதம் இன்னோரிடத்துக் கோப்பில் கிடக்கும்.

பலர் சறுக்குவது கேள்வியை எழுதும் விதத்தில்தான். "ஏன் மாற்றினீர்கள்" என்று கேட்டால் உருப்படியான பதில் வராது. ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: குறித்த அறிக்கையின் எல்லா வரைவுகள், களப் பரிசோதனைக் குறிப்புகள், கோப்பின் குறிப்புத்தாள்கள், இன்ன திகதியிலிருந்து இன்ன திகதிவரை அது தொடர்பாக வந்த, போன கடிதங்கள். கையில் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். தபால் என்றால் பதிவுத் தபால்.

தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். உயிருக்கு ஆபத்து சம்பந்தப்பட்டது என்றால் 48 மணித்தியாலம். லயத்துக்கு மேல் நிலம் வெடித்திருந்தால், இது உயிர் சம்பந்தப்பட்ட விண்ணப்பம் என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

ஐந்தங்குல_மானி:
மேலே சொன்னது அறிக்கைக்கு. கொப்பிக்கு வேறு கவனம் வேண்டும். அறிக்கையை எதிர்க்கும் நாளில் முதலில் தாக்கப்படுவது உங்கள் மழைக் கணக்குதான்.

2015இல் அமெரிக்காவின் நோவா (கடல், வளிமண்டல ஆய்வுக்கான அரச நிறுவனம்) விஞ்ஞானிகள் கடல் வெப்பநிலைப் பதிவைத் திருத்தி வெளியிட்டார்கள். கப்பல்களில் எடுத்த அளவு மிதவைகளில் எடுத்த அளவைவிடச் சற்றுக் கூடுதலாக வரும், அதைச் சரிசெய்தார்கள். சில மாதங்களில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் விஞ்ஞானக் குழுத் தலைவர் லாமர் ஸ்மித் அவர்களுடைய மின்னஞ்சல்களைக் கேட்டு அழைப்பாணை அனுப்பினார். அந்த விஞ்ஞானிகளைக் காப்பாற்றியது, மூலத் தரவும் திருத்திய முறையும் ஏற்கனவே பகிரங்கமாக இருந்ததுதான். 2017இல் வேறொரு குழு மிதவை, செய்மதி, ஆர்கோ (கடலுக்குள் இறங்கி ஏறி அளக்கும் தானியங்கிக் கருவி) அளவுகளைத் தனித்தனியாக வைத்துப் பார்த்தபோது திருத்தம் சரியென்றே வந்தது.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். அங்குலப் பத்தியை எழுதியிருக்கிறபடியே வைத்து, பக்கத்தில் மில்லிமீற்றர் பத்தி போடுங்கள் (25.4ஆல் பெருக்க வேண்டும்). மாற்றிய ஒவ்வோர் இலக்கத்துக்கும் காரணம் எழுத மூன்றாவது பத்தி. கொப்பியில் எதையும் அழிக்கவோ மேலால் எழுதவோ கூடாது.

தோட்டக் கொப்பிகளில் வழக்கமாக வரும் பிழைகளைக் கவனியுங்கள். கோடு போட்டிருந்தால் மழை இல்லையா, யாரும் அளக்கவில்லையா? வெற்றிடத்தைப் பூச்சியமாக்கிவிட்டால் அந்த மாதக் கணக்கே பொய்யாகிவிடும். ஞாயிறும் போயாவும் கந்தோர் பூட்டு, அதனால் திங்கட்கிழமை இலக்கத்தில் இரண்டு நாள் மழை சேர்ந்திருக்கும். காலை 8.30க்கு அளந்தது முந்தைய 24 மணித்தியாலத்து மழை. சில கிளாக்கர்மார் அதை அன்றைய திகதியிலும் சிலர் முதல் நாள் திகதியிலும் எழுதுவார்கள். கொஸ்லந்தைப் பக்கத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்தது. அப்படியான ஒரு நாளில் திகதி ஒன்று தள்ளிப்போனால், மழையே இல்லாமல் மலை சரிந்ததாகக் கணக்கு காட்டும்.

அளவுக் கண்ணாடியையும் பாருங்கள். ஐந்தங்குல வாய் உள்ள மானியில் 1 மி.மீ. மழை என்றால் 12.7 மில்லிலீற்றர் தண்ணீர். பழைய கண்ணாடி உடைந்து எட்டங்குல மானியின் கண்ணாடியை வைத்து அளந்திருந்தால், 100 மி.மீ. பெய்த நாள் 39 என்று பதிவாகியிருக்கும். பெருமழையில் உள் போத்தல் நிரம்பி வெளித் தகரத்துக்குள் வழியும். அதையும் சேர்த்து அளக்காவிட்டால், ஆகக் கூடுதலாகப் பெய்த நாளில்தான் கணக்கு குறைந்து நிற்கும்.

பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். ஓரத்தில் எழுதிய பென்சில் குறிப்பும் விழ வேண்டும். பைல்களுக்கு ஷா-256 கைரேகை (பைலின் உள்ளடக்கத்திலிருந்து கணினி கணித்துத் தரும் அடையாளம்) எடுத்து, அந்த 64 எழுத்துகளைத் திகதியோடு மூன்று பேருக்கு அனுப்பிவையுங்கள். பிறகு ஓர் இலக்கம் மாறினாலும் கைரேகை முழுக்க மாறிவிடும். இணையத்தில் கிடக்கும் அரசாங்க வரைபடங்களையும் எச்சரிக்கைகளையும் வேபேக் மெஷினில் (இணையப் பக்கங்களைத் திகதியோடு சேமித்து வைக்கும் தளம்) சேமியுங்கள்.

ஊவா_மழைக்கணக்கு:
மிக்க நன்றி. 2003 கொப்பியில் 11 நாள் கோடு மட்டும் இருக்கிறது, அதை வெற்றிடமாகவே வைக்கிறேன். இன்னொன்று: வரைவை எங்களுக்குக் காட்டிய உத்தியோகத்தரின் பெயரைப் போட்டால் நம்பகத்தன்மை கூடுமா?

குறிஞ்சி_நிலவியல்:
போடவே வேண்டாம். அரச உத்தியோகத்தர் ஊடகங்களுக்குத் தகவல் கொடுப்பதைத் அரச சேவை விதிகளான தாபனக் கோவையின் 47ஆம் அத்தியாயம் கட்டுப்படுத்துகிறது. தகவல் சட்டத்தின் 40ஆம் பிரிவு, சட்டப்படி வெளியிடக்கூடிய தகவலைக் கொடுத்தவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. ஆனால் அவரை இன்னொரு மாகாணத்துக்கு இடமாற்ற யாரும் காரணம் எழுத வேண்டியதில்லை. அதே வரைவு விண்ணப்பத்தின் மூலம் முத்திரையோடு வந்தால் அவர் பெயரே தேவைப்படாது.

பிரேசிலைப் பாருங்கள். அமேசான் காடழிப்புக் கணக்கு பொய் என்று ஜனாதிபதி பொல்சனாரோ சொன்னார். விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவர் ரிக்கார்டோ கல்வாவ் மறுத்துப் பேசி, 2019 ஓகஸ்டில் பதவி இழந்தார். ஆனால் செய்மதிக் கணக்கு ஏற்கனவே எல்லோருக்கும் திறந்திருந்தது. அதே ஆண்டு நவம்பரில் அதே நிறுவனம் 9,762 சதுர கிலோமீற்றர் என்று வெளியிட வேண்டி வந்தது, அதற்கு முந்தைய பத்தாண்டில் இல்லாத அளவு. ஆளை மாற்ற முடிந்தது, கணக்கை மறைக்க முடியவில்லை.

வட்ஸ்அப் குழுவில் கோபத்தில் எதையும் எழுதாதீர்கள். 2009இல் இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியாப் பல்கலைக்கழகத்தில் காலநிலை விஞ்ஞானிகளிடமிருந்து திருடிய மின்னஞ்சல்களில் "ட்ரிக்" (உத்தி) என்ற ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மோசடி என்று உலகம் முழுக்கக் கிளப்பினார்கள். விசாரணைகள் மோசடி இல்லை என்று முடிவு சொன்னபோது அந்தச் சொல் மட்டும் மக்கள் வாயில் நின்றுவிட்டது.

ஐந்தங்குல_மானி:
இந்த வாதம் முடிய மாதக் கணக்காகலாம், மழை அதற்காகக் காத்திராது. எச்சரிக்கை அளவுகளை அங்குலத்தில் எழுதி ஒவ்வொரு லயத்துச் சுவரிலும் ஒட்டுங்கள்: 24 மணித்தியாலத்தில் 75 மி.மீ. என்றால் 2.95 அங்குலம், விழிப்பாக இருக்க வேண்டும்; 100 என்றால் 3.94, புறப்படத் தயாராக வேண்டும். 150 என்றால் 5.91, வெளியேற வேண்டும். ஒரே மணித்தியாலத்தில் 2.95 பெய்தாலும் வெளியேறத்தான் வேண்டும். அதனால் அடைமழை இரவுகளில் காலை 8.30வரை காத்திருக்காமல் மணிக்கொருதரம் அளக்க இரண்டு பேரை முறை வைத்துப் போடுங்கள். மண்வெடிப்பு, ஊற்று நீர் திடீரெனக் கலங்குவது, மரமும் கம்பமும் சாய்வது தெரிந்தால் மானியைப் பார்க்கவே வேண்டாம், ஆட்களை இறக்கிவிட்டு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள்.