கொழும்பு வெய்யிலில் ஆள் தடுமாறினால்: நீங்கள் கண்டது என்ன?

கொட்டாஞ்சேனைக்காரன்:
சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய வாரம், புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெரு. துணிச் சிப்பம் ஏற்றிய கைவண்டியை இழுத்து வந்த நாட்டாமை (சுமை தூக்கும் தொழிலாளி) ஐயா ஒருவர் நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டார். "ஐயா, கொஞ்சம் ஓரமா" என்றால், சம்பந்தமே இல்லாமல் ஏதோ ஊர்ப் பெயர் சொல்கிறார். குடித்திருக்கிறார் என்று நினைத்து ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்துத் திட்டினார். தொட்டால் உடம்பு கொதிக்கிறது, சட்டையோ தொப்பலாக நனைந்திருக்கிறது. வியர்வை நின்றால்தான் ஆபத்து என்பார்கள். பாரம் இழுப்பவருக்கு வியர்த்துக்கொண்டிருக்கும்போதே ஹீட் ஸ்ட்ரோக் (வெப்பத் தாக்கு) வந்துவிடும். பேச்சுக் குழம்புகிறதா என்று பாருங்கள்.

கடை முதலாளி அவரை உள்ளே நிழலில் கிடத்தி, சட்டையைக் கழற்றி, வாளித் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றினார். பெடியன்கள் பெட்டி அட்டையால் விடாமல் விசிறினார்கள். யாரோ சோடாப் போத்தலை வாயில் வைக்கப் போக, சாமான் வாங்க வந்த அம்மா ஒருவர் கையைப் பிடித்துவிட்டார்: "நினைவு தடுமாறுற ஆளுக்குக் குடிக்கக் குடுக்காதீங்க, புரையேறிடும்." 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அடித்தோம். அந்தச் சனத்துக்குள் அம்புலன்ஸ் புகுந்து வந்தது தனிக்கதை. ஏற்றும்போது பெயர் கேட்டார்கள், சரியாகச் சொன்னார்.

வெள்ளவத்தைவாசி:
ஏப்ரல் தொடக்கத்தில் நண்பகல் சூரியன் நமக்கு உச்சந்தலைக்கு நேரே நிற்கும். எங்கள் அப்பா போனில் 32 பாகை என்று பார்த்துவிட்டு "இதெல்லாம் ஒரு வெய்யிலோ" என்பார். ஈரப்பதன் 70 சதவீதம் என்றால் அந்த 32ஐ உடம்பு 40க்கு மேல் போல உணரும். வியர்வை காய்ந்தால்தானே உடம்பு குளிரும், இங்கே அது காய்வதில்லை. வளிமண்டலவியல் திணைக்களத்தின் வெப்பச் சுட்டெண் சொல்வதும் இதைத்தான். அப்பாவிடம் எடுபடாது. காலிமுகத்திடல் நடையை மட்டும் ஒருவழியாக விடியற்காலைக்கு மாற்ற வைத்தோம்.

வார்ட் அக்கா:
அந்த அம்மா செய்தது நூற்றுக்கு நூறு சரி. நினைவு தெளிவாக இருக்கிறவருக்குத்தான் ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்). ஒரு பக்கெட்டை முழுதாக ஒரு லீட்டர் கொதித்தாறிய தண்ணீரில் கரையுங்கள். அவசரத்தில் ஒரு கிளாஸ் தண்ணீரில் கொட்டிக் குடித்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்து அலுத்துப்போனேன். உப்புக் கூடினால் நிலைமை இன்னும் மோசமாகும். கரைத்து 24 மணித்தியாலம் ஆனால் மிச்சத்தை ஊற்றிவிடுங்கள்.

தம்பிலி (செவ்விளநீர்) நல்லதுதான், வெய்யிலுக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் சிறுநீரக வருத்தம் உள்ளவருக்கு அதிலிருக்கும் பொட்டாசியம் ஆகாது, டொக்டரைக் கேட்காமல் வெட்டிக் கொடுக்காதீர்கள். பிரஷருக்கு நீர் போகிற குளிசை எடுப்பவர்களும் இந்த மாதங்களில் கிளினிக்கில் ஒருதரம் கேட்டுக்கொள்ளுங்கள். தாங்களாக நிறுத்த வேண்டாம்.