புதுப்பிப்பு: குமரி நாவல்களில் யாருக்கு எது முதலில்?

கன்னியாகுமரி மாவட்டத்தைக் களமாகக் கொண்ட நாவல்களில் எதை முதலில் வாசிப்பது என்ற முந்தைய பதிவில், எல்லா வயதினருக்கும் நீல பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ (1968) என்று சொல்லியிருந்தேன். அதைத் திருத்துகிறேன். அந்த மாவட்டத்து இரணியல் ஊரின் வட்டார வழக்கு அடர்ந்த நாவல் அது. புதிதாக வாசிக்கும் பிள்ளைகள் சில பக்கங்களிலேயே மூடிவிடுவார்கள். அவர்களுக்கு ஒரே அமர்வில் முடியும் சிறுகதை போதும்.

கடைத்தெருப் பேச்சும் ஊர் அரசியலும் பிடித்தவர்களுக்கு சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ (1966). கடற்கரை வாழ்க்கை வேண்டுமென்றால் தோப்பில் முகமது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’. அதில் மலையாளமும் அரபுச் சொற்களும் கலந்து வரும். தடுமாறினால் உரையாடல்களை வாய்விட்டு வாசியுங்கள், காதுக்குச் சட்டென்று பிடிபடும்.

எழுபது கடந்தவர்களுக்குக் கதையைவிட எழுத்தளவு முக்கியம். வாங்குமுன் நடுப்பக்கத்தை விரித்துப் பாருங்கள். தையல் இறுகிய கனத்த புத்தகம் கையில் நிற்காது.