பழைய ரேடியான் அட்டையில் வல்கன்: யாராவது கை கொடுங்களேன்

வணக்கம். என்னிடம் இருப்பது ரேடியான் எச்டி 7850 கிராபிக்ஸ் அட்டை, 2 ஜிபி. 2012ல் வெளிவந்தது, அண்ணன் சிங்கப்பூர் சிம் லிம் ஸ்கொயரில் வாங்கியது, இப்போது தோ பாயோ வீட்டில் என் மேசைக்குக் கீழே தூசியோடு ஓடுகிறது. டெபியன் 12 லினக்ஸ் போட்டிருக்கிறேன்.

அட்டையிடம் படம் வரையச் சொல்லும் பழைய முறையான ஓபன்ஜிஎல்லில் குறையே இல்லை. ஆனால் புதிய முறையான வல்கனைச் சோதிக்க வல்கன்இன்ஃபோ ஓட்டினால் அட்டையின் பெயரைக் காணோம், எல்எல்விஎம்பைப் என்று மட்டும் வந்தது, அதாவது பிராசசரே மூச்சிரைக்கப் படம் வரைகிறது. தேடியதில் காரணம் புரிந்தது: இந்தத் தலைமுறை அட்டைக்கு டெபியன் 12இன் கெர்னல் தானாக எடுப்பது பழைய ரேடியான் டிரைவர், மெசா தொகுப்பின் வல்கன் டிரைவரான ஆர்ஏடிவிக்கோ புதிய ஏஎம்டிஜிபியு கெர்னல் டிரைவர் வேண்டும். கணினியைத் தொடங்கிவைக்கும் கிரப்பில் ரேடியானுக்கு எஸ்ஐ சப்போர்ட் (இந்தத் தலைமுறை அட்டைக்கான ஆதரவு) 0, ஏஎம்டிஜிபியுவுக்கு 1 என்று மாற்றினேன். வல்கன் 1.3 வந்துவிட்டது! விண்டோஸ் விளையாட்டுகளின் டைரக்ட்எக்ஸை வல்கனாக மாற்றும் டிஎக்ஸ்விகே 2.0க்கு அதுதானே வேண்டும்.

அப்புறம்தான் வினை. சஸ்பெண்ட் செய்து எழுப்பினால் திரை கறுப்பு. விசிறி சுற்றுகிறது, கேப்ஸ்லாக் விளக்கு எரிந்து அணைகிறது, லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்எச்சில் உள்ளே போகவும் முடிகிறது, படம் மட்டும் வருவதில்லை. எச்டிஎம்ஐ கேபிளைக் கழற்றி மாட்டியும் பார்த்தாயிற்று. பழைய டிரைவரில் இந்தத் தொல்லை இல்லை.

இதே தலைமுறை அட்டை வைத்திருப்பவர்கள் ஏஎம்டிஜிபியுவில் டிசி 1 (திரைக்குப் படம் அனுப்பும் புதிய பகுதியை இயக்கும் அமைப்பு) போட்டுப் பார்த்தீர்களா? அல்லது இதைவிடப் புதிய பேக்போர்ட்ஸ் கெர்னலுக்கே போய்விடலாமா? கெர்னலின் டிமெஸ்ஜி பதிவு கைவசம் இருக்கிறது, கேட்டால் ஒட்டுகிறேன். புது அட்டை வாங்கு என்று மட்டும் சொல்லாதீர்கள், அதை வீட்டிலேயே சொல்லியாகிவிட்டது.