இம்பாலா திணறல்: ஸ்பிரிங்கை முறுக்குவதா, டயாஃப்ராமைப் பார்ப்பதா?

ஆம்பூர் இம்பாலா:
எங்கள் வீட்டு ஷெவர்லே இம்பாலாவுக்கு யோசனை தேவை. 350 கன அங்குல வி8 எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர். காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டர் ராச்செஸ்டர் குவாட்ராஜெட், நாலு பேரல் (காற்று போகும் குழாய்). ஆம்பூரிலிருந்து வேலூர் வரும்போது, பள்ளிகொண்டா சுங்கச்சாவடி தாண்டி பெடலை ஒரே அடியாக மிதித்தால் வண்டி ஒரு நொடி அப்படியே அமுங்குகிறது. அப்புறம் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. மெதுவாக மிதித்தால் ஒரு குறையும் இல்லை. காலையிலும் இதேதான், மதிய வெயிலிலும் இதேதான். பின் பேரல்களுக்கு மேலே இருக்கும் ஏர் ஃப்ளாப்பின் ஸ்பிரிங்கை ஒரு மெக்கானிக் ஒன்றரைச் சுற்று முறுக்கிக் கொடுத்தார். அமுங்கல் போனது, ஆனால் 100 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் இருந்த இழுவையும் சேர்ந்து போய்விட்டது. பழையபடி தளர்த்தினால் அமுங்கல் திரும்ப வருகிறது. என்ன செய்யலாம்?

கொணவட்டம் பட்டறை:
தம்பி, கை வைத்த இடம் சரி. அளவுதான் மிஞ்சிவிட்டது. அந்த ஸ்பிரிங்குக்கு ஒன்றரைச் சுற்று ரொம்ப அதிகம். அடியில் இருக்கும் லாக் ஸ்க்ரூவை 3/32 அங்குல ஆலன் கீயால் தளர்த்துங்கள். தளர்த்தும்போது பக்கத்து ஸ்லாட் ஸ்க்ரூவை ஸ்க்ரூ டிரைவரால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பிரிங் முழுசாகச் சுழன்று அவிழ்ந்துவிடும். ஃப்ளாப் தானாக வந்து மூடும் இடம்தான் பூஜ்ஜியம். அதிலிருந்து அரைச் சுற்றில் தொடங்கி, 1/8 சுற்றாகக் கூட்டி ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் 3/4, 7/8 சுற்றில் அமைந்துவிடும். இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

காட்பாடி வேக்குவம்:
அண்ணே சொன்ன முறை சரி, முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. முறுக்கினால் நோய் மறைகிறது, இழுவையும் சாகிறது என்று தம்பியே எழுதியிருக்கிறார். அப்படியென்றால் ஸ்பிரிங் வேறு எதனுடைய வேலையையோ சேர்த்துச் செய்கிறது.

அந்தக் கார்புரேட்டரில் முன் பேரல் இரண்டும் சின்னவை, 1 3/8 அங்குலம். பின் பேரல் இரண்டும் 2 1/4 அங்குலம். பெடலை முழுக்க மிதிக்கும்போது பின்பக்கத் திராட்டில் தகடுகளை லிங்க் கம்பியே திறந்துவிடுகிறது. அவற்றுக்கு மேலே இருக்கும் ஃப்ளாப்பைத் திறப்பது எஞ்சின் உறிஞ்சும் காற்று. ஃப்ளாப் திரும்பும்போது அதன் தண்டில் இருக்கும் பிளாஸ்டிக் கேம், பெட்ரோலை அளந்து விடும் துளைத் துண்டுகளான பின் ஜெட்டுகளில் தொங்கும் இரண்டு நீடில்களையும் மேலே தூக்கி, பெட்ரோலுக்கு வழி விடுகிறது. ஃப்ளாப் சட்டென்று முழுசாகத் திறந்தால் காற்று முதலில் பாய்ந்துவிடும். பெட்ரோல் கனமானது, கார்புரேட்டருக்குள் அது தேங்கி நிற்கும் கிணற்றிலிருந்து ஏறி வரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் கலவை லீன் ஆகிறது, அதாவது காற்று கூடிப் பெட்ரோல் குறைகிறது. தம்பி சொல்லும் ஒரு நொடி அமுங்கல் அதுதான்.

ஃப்ளாப் சட்டென்று திறக்காமல் தடுக்கத்தான் பக்கத்தில் ஒரு வேக்குவம் டயாஃப்ராம், அதாவது எஞ்சின் உறிஞ்சலில் இயங்கும் ரப்பர் சவ்வு வைத்திருக்கிறார்கள். சாதாரண ஓட்டத்தில் எஞ்சின் வேக்குவம் அதை உள்ளே இழுத்து, லிங்க் வழியாக ஃப்ளாப்பை மூடியே பிடித்திருக்கும். பெடல் தரையைத் தொட்டால் வேக்குவம் விழுந்துவிடும். அப்போதும் டயாஃப்ராம் உடனே கைவிடாது. சின்ன துளை வழியே காற்று நுழைய நுழைய மெல்ல விடும். எந்த அளவு உறிஞ்சலுக்கு ஃப்ளாப் திறக்க வேண்டும் என்பதை ஸ்பிரிங் தீர்மானிக்கிறது. எத்தனை நேரத்தில் திறக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது டயாஃப்ராம். நேரத்தில் இருக்கும் கோளாறை ஸ்பிரிங்கால் சரிசெய்யப் போனால், மேல் வேகத்தில் ஃப்ளாப் முழுசாகத் திறக்காமல் நிற்கும். இம்பாலா 100-க்கு மேல் இழுக்காததற்குக் காரணம் இதுதான் என்பேன்.

சத்துவாச்சாரி:
இரண்டு பேரும் பெட்ரோலை மறந்துவிட்டீர்கள். இப்போது பங்க்கில் போடுவது 20 சதவீத எத்தனால் கலந்தது. சுத்தப் பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால், இதற்குச் சுமார் 13.5 போதும். பழைய ஜெட் அளவை மாற்றாமல் ஓட்டினால் கலவை எப்போதும் லீன் பக்கமே இருக்கும். போதாததற்கு வேலூர் வெயில். சுங்கச்சாவடி வரிசையில் நின்றால் கார்புரேட்டர் கிண்ணம் கொதித்து, பின் பக்கக் கிணறு காலியாகிவிடும். ஜெட்டைப் பெரிதாக்காமல் ஃப்ளாப்பைத் திருகி என்ன பயன்?

காட்பாடி வேக்குவம்:
சார், எத்தனால் கணக்கு சரி. ஆனால் கலவை முழுவதும் லீன் என்றால் 60-இல் சீராகப் போகும்போதும் வண்டி உதற வேண்டும், மெதுவாக மிதித்தாலும் திணற வேண்டும். கிண்ணம் கொதிப்பதுதான் காரணமென்றால் வெயிலில் நின்று எடுக்கும் முதல் மிதிக்கு மட்டும் வர வேண்டும். தம்பிக்குக் காலையிலும் வருகிறது, மெதுவாக மிதித்தால் வருவதே இல்லை.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை. சோக் விலகாத நேரத்தில் பின் திராட்டில் திறக்காமல் தடுக்க ஒரு பூட்டு லீவர் இருக்கிறது. அதைப் பூட்டிய நிலையில் கட்டிவிட்டு முழுக்க மிதியுங்கள். முன் பேரல் மட்டும் ஓடும்போது அமுங்கல் இல்லையென்றால் ஆக்சிலரேட்டர் பம்ப்பும் இக்னிஷன் டைமிங்கும் நன்றாக இருக்கின்றன. நோய் பின்பக்கம்தான்.

கஸ்பா ரைடர்:
கார் பற்றி எனக்கு அதிகம் தெரியாது அண்ணே, ஆனால் சிவி கார்புரேட்டர் (வேக்குவமே ஸ்லைடைத் தூக்கும் வகை) வந்த பைக்கில் இதையே பார்த்திருக்கிறேன். இஞ்செக்‌ஷன் வருவதற்கு முன் வந்த கிளாசிக் 350-இலும் அதுதான். வேக்குவத்தில் ஏறும் ஸ்லைடின் அடித்துளையைச் சில பேர் டிரில் போட்டுப் பெரிதாக்குவார்கள், பிக்கப் கூடும் என்று. அளவு கொஞ்சம் மிஞ்சினால் ஸ்லைடு எகிறி ஏறும், திருகினதும் வண்டி அமுங்கும். ஸ்பிரிங் அதேதான், துளைதான் மாறியது. காட்பாடி அண்ணன் பேச்சு எனக்குப் பொருந்தி வருகிறது.

கொணவட்டம் பட்டறை:
பைக் ஸ்லைடுக்கு வெளியே டயாஃப்ராம் கட்டுப்பாடு கிடையாது தம்பி, அதனால் அதை அப்படியே இங்கே கொண்டு வர முடியாது. இன்னொன்று. ஸ்பிரிங் வெறும் வாசல் காவல் இல்லை. அதைக் கூட்டினால் ஃப்ளாப்புக்குக் கீழே உறிஞ்சல் கூடும், பெட்ரோல் குழாய் அதிகமாகக் கக்கும், கலவை ரிச் ஆகும், அதாவது பெட்ரோல் கூடும். 20 சதவீத எத்தனாலுக்கு அதுவும் தேவைதான், சத்துவாச்சாரி சார் சொல்வதில் பாதி எனக்குச் சம்மதம்.

டயாஃப்ராம் என்று எல்லோரும் சொல்வீர்கள். இந்த ஊரில் எங்கே கிடைக்கும்? வெளியிலிருந்து வரவழைக்கும் மாற்று டயாஃப்ராம் சிலவற்றில் அந்தச் சின்னத் துளை அளவாகவே இருப்பதில்லை. காசு கொடுத்துப் புதிது போட்ட பிறகும் அதே அமுங்கல் வந்தால் வாடிக்கையாளர் யாரைக் கேட்பார்? என்னைத்தான்.

காட்பாடி வேக்குவம்:
அதனால்தான் வாங்கும் முன்பு சோதிக்கச் சொல்கிறேன், அண்ணே. எஞ்சினை நிறுத்தி, ஹோஸைக் கழற்றி, டயாஃப்ராம் தண்டை விரலால் உள்ளே அழுத்தி, குழாய் முனையை விரலால் மூட வேண்டும். தண்டு அப்படியே நின்றால் ரப்பர் கிழியவில்லை. விரலை எடுத்ததும் தண்டு வெளியே வர ஒன்றிரண்டு நொடி ஆக வேண்டும். டக்கென்று வந்தால் துளை பெரிது. கூடவே, தண்டு உள்ளே இருக்கும்போது லிங்கில் 0.015 அங்குலம் இடைவெளி இருக்கிறதா என்றும் பாருங்கள். கடைசியாக ஃப்ளாப்பைக் கையால் தள்ளிவிட்டால் எங்கும் உரசாமல் மூட வேண்டும். மேல் மூடி ஸ்க்ரூக்களை வெறியோடு முறுக்கியிருந்தால் தண்டு பிடிக்கும், அப்போது எந்த அளவீடும் நம்பத் தகாது.

ஆம்பூர் இம்பாலா:
மூன்றையும் பார்த்தேன். பூட்டு லீவரைக் கட்டி ஓட்டினால் வேகம் குறைவு, ஆனால் அமுங்கல் துளிகூட இல்லை. ஃப்ளாப் உரசவில்லை. டயாஃப்ராம் மூடிப் பிடித்தால் நிற்கிறது, விரலை எடுத்த கணமே தண்டு வெளியே குதிக்கிறது. ஹோஸ் புதிது. தண்டில் இருந்த பெயிண்ட்டைப் பார்த்தால் டயாஃப்ராமும் பிற்பாடு யாரோ மாற்றியதுதான்.

காட்பாடி வேக்குவம்:
அப்போ துளைதான். நேரத்தைக் கட்டுப்படுத்த அங்கே ஒன்றுமே இல்லை.

கொணவட்டம் பட்டறை:
இதற்குப் புதிது வரவழைக்க வேண்டாம் தம்பி. என்னிடம் பழைய ஸ்கூட்டர் ஸ்லோ ஜெட் டப்பா நிறைய இருக்கிறது. ஹோஸுக்குள் ஒன்றைச் செருகினால் காற்று அதன் வழியாகத்தான் நுழைய வேண்டும். தண்டு வெளியே வர இரண்டு நொடி ஆகும்வரை ஜெட்டை மாற்றி மாற்றிப் பார்க்கலாம். ஒரு மணி நேர வேலை. ஆனால் ஸ்பிரிங்கை 3/4 சுற்றில் வைத்துத்தான் தொடங்குவேன். இன்றைய பெட்ரோலுக்கு அதற்குக் கீழே போக மாட்டேன்.

காட்பாடி வேக்குவம்:
ஜெட் யோசனை அருமை அண்ணே, அதைத்தான் செய்ய வேண்டும். தொடக்கம் மட்டும் அரைச் சுற்றில் இருக்கட்டும். முதலிலேயே 3/4 வைத்தால் அமுங்கல் போனது ஜெட்டாலா ஸ்பிரிங்காலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அரைச் சுற்றில் ஓடி, கொஞ்சம் திணறினால் அப்புறம் 1/8 கூட்டுங்கள்.

கொணவட்டம் பட்டறை:
வாடிக்கையாளருக்குப் பிரித்துச் சொல்ல வேண்டியதில்லை, வண்டி ஓட வேண்டும். ஞாயிறு காலை கொண்டு வாருங்கள் தம்பி, வெயிலுக்கு முன் பைபாஸில் போட்டுப் பார்த்துவிடலாம்.

காட்பாடி வேக்குவம்:
நானும் வருகிறேன். முதல் ஓட்டம் அரைச் சுற்று, இரண்டாவது ஓட்டம் உங்கள் 3/4. இரண்டிலும் 100-லிருந்து 120 வர எத்தனை நொடி என்று தம்பி போனில் குறிக்கட்டும்.