மார்கேட்டில் பழைய மெத்தையை எங்கே போடுவது?

கேள்வி: வணக்கம் அக்கா. இங்கிலாந்தின் கடற்கரை ஊரான மார்கேட்டுக்கு (Margate) வந்து எட்டு மாதம் ஆகிறது, மருத்துவமனையில் நர்ஸ் வேலை. இங்கே கிளிஃப்டன்வில் பகுதியில் இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறேன், மாதக் கடைசியில் வீடு மாறுகிறேன். நான் வாங்கிய டபுள் மெத்தை, ஒரு பழைய சோஃபா, ஓடாத மைக்ரோவேவ் மூன்றும் போக வேண்டும். என்னிடம் கார் கிடையாது. "கீழே குப்பைத்தொட்டிப் பக்கம் வைத்துவிட்டுப் போ, எடுத்துக்கொள்வார்கள்" என்கிறார் கூட வேலை செய்பவர். வைக்கலாமா?

பதில்: வைக்காதீர்கள் தம்பி. தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாலும் இங்கே அதற்குப் பெயர் ஃப்ளை-டிப்பிங், அதாவது கண்ட இடத்தில் குப்பை கொட்டும் குற்றம். 2023 ஜூலையிலிருந்து இங்கிலாந்தில் கவுன்சில்கள், அதாவது உள்ளாட்சிகள், இதற்கு 1000 பவுண்டு வரை அபராதம் போடலாம். எனக்கும் ஒருவர் இதே யோசனையைத்தான் சொன்னார், நானும் கேட்டேன். மெத்தையோடு வைத்த அட்டைப்பெட்டியில் என் பெயரும் விலாசமும் ஒட்டிய லேபிள் அப்படியே இருந்தது. வீட்டு ஏஜென்ட் அதை ஃபோட்டோ எடுத்து அனுப்பி, டெபாசிட்டில் கழித்துக்கொண்டார். என்ன பேச முடியும்?

இங்கே முதலில் குழப்புவது, எந்தக் குப்பைக்கு யார் பொறுப்பு என்பதுதான். வாராவாரம் வீட்டு வாசலில் எடுப்பது, மார்கேட் இருக்கும் தானட் மாவட்டத்தின் கவுன்சில். பெரிய பொருட்களைக் கொண்டுபோய்க் கொட்டும் மையம், அதாவது எல்லோரும் 'டிப்' என்று சொல்வது, அதற்கு மேலே உள்ள கென்ட் கவுன்டி கவுன்சிலுடையது. ஒருவரிடம் மற்றவர் வேலையைக் கேட்டால் பதில் வராது. மார்கேட் டிப் மேன்ஸ்டன் சாலையில் இருக்கிறது. வீட்டுக் குப்பைக்குக் காசு இல்லை, ஆனால் முன்கூட்டியே ஆன்லைனில் நேரம் பதிவு செய்யாமல் போக முடியாது. அப்புறம், அது காரில் வருபவர்களை மனதில் வைத்துக் கட்டிய இடம். டபுள் மெத்தையோடு பஸ்ஸில் ஏற முடியாது, டாக்ஸிக்காரரும் ஏற்றமாட்டார். வேலை இடத்தில் யாரிடமாவது பெரிய கார் இருந்தால் பெட்ரோலும் ஒரு பிரியாணியும் என்று பேசி முடியுங்கள். வேன் என்றால் விதிகள் வேறு, பதிவு செய்யும்போதே படித்துவிடுங்கள்.

கார் கிடைக்கவில்லையென்றால் தானட் கவுன்சிலின் பெரிய பொருள் சேகரிப்புதான் வழி. கட்டணம் உண்டு. எரிச்சலாக இருக்கும், கட்டிவிடுங்கள். ஆனால் அவர்கள் மாடி ஏறி வந்து தூக்கமாட்டார்கள், சொன்ன நாளில் சொன்ன இடத்தில் நீங்கள்தான் இறக்கி வைக்க வேண்டும். கிளிஃப்டன்வில் வீடுகளில் பல ஒரு காலத்தில் கடற்கரைக்கு வருபவர்கள் தங்கிய ஹோட்டல்கள், பின்னால் தடுத்து ஃபிளாட் ஆக்கியவை. அந்தக் குறுகலான படியில் மெத்தையை இறக்க இரண்டு பேராவது வேண்டும். நைட் டியூட்டி முடிந்து வந்து தனியாக முயற்சி செய்ய வேண்டாம். நீங்கள் நினைக்கும் தேதி கிடைக்காமலும் போகலாம், அதனால் மாதக் கடைசி வரை காத்திருக்காதீர்கள்.

ஃபேஸ்புக்கில் "வேன் இருக்கிறது, பாதி விலைக்கு எடுத்துப்போகிறேன்" என்று ஆட்கள் வருவார்கள். அவர் உங்கள் மெத்தையை ஏதோ வயல் ஓரத்தில் வீசிவிட்டுப் போனால், யாரிடம் கொடுத்தோம் என்று சரிபார்க்காத உங்களுக்கும் 600 பவுண்டு வரை அபராதம் வரலாம். குப்பை எடுத்துச்செல்ல உரிமம் உள்ளவரா என்று சுற்றுச்சூழல் ஏஜென்சியின் பதிவேட்டில் இலவசமாகத் தேடலாம், இரண்டு நிமிட வேலை. ரசீது வாங்குங்கள், வேன் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சோஃபா தனிக் கதை. குஷனைத் தூக்கி, அடியில் தீப்பாதுகாப்பு லேபிள் தைத்திருக்கிறதா பாருங்கள். இருந்து, நிலைமையும் நன்றாக இருந்தால் பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் போன்ற தொண்டு அமைப்புகள் இலவசமாகவே வந்து எடுத்துப்போவார்கள். லேபிளை யாராவது கத்தரித்திருந்தால் புதுசு போல இருந்தாலும் தொடமாட்டார்கள். பழைய சோஃபாக்களின் துணியிலும் ஃபோமிலும் தீத்தடுப்புக்காகச் சேர்த்த ரசாயனங்கள் மண்ணில் மக்காதவை. அதனால் அவற்றைப் புதைக்கக் கூடாது, எரிக்கத்தான் வேண்டும் என்று 2023 தொடக்கத்திலிருந்து கண்டிப்பாக்கியிருக்கிறார்கள். வெட்டி மூட்டை கட்டிச் சாதாரணக் குப்பையில் போடும் யோசனை வேண்டாம்.

அதற்கு முன்னால் ஒன்று: அந்தச் சோஃபா உங்களுடையதுதானா? வீட்டுக்குள் வரும்போது கையெழுத்துப் போட்ட பொருள் பட்டியலை எடுத்துப் பாருங்கள். வீட்டு உரிமையாளர் விட்டுவைத்தது என்றால் அதை அப்புறப்படுத்துவது அவர் வேலை. வாடகை வீட்டில் உரிமையாளர் கழிக்கும் பொருள் சட்டப்படி வியாபாரக் குப்பை, அதை வீட்டுக் குப்பை என்று சொல்லி டிப்பில் இறக்க முடியாது. "நீயே உன் பெயரில் பதிவு பண்ணிக் கொண்டுபோய்ப் போட்டுவிடு" என்று அவர் சொன்னாலும் தலையாட்டாதீர்கள்.

மைக்ரோவேவ் சுலபம். புதிதாக ஒன்று வாங்கப்போகிறீர்கள் என்றால், பெரிய கடைகள் பழையதைக் காசில்லாமல் வாங்கிக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்து எடுக்கத்தான் கட்டணம் கேட்பார்கள்.

இன்னொருவர்: இடையில் ஒரு கேள்வி. இங்கே கடற்காகங்கள் குப்பைப்பையைக் கிழித்துத் தெருவெல்லாம் இறைக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர் என்னை முறைக்கிறார்!

பதில்: பையை முந்தின இரவே வெளியே வைக்கிறீர்களா? காலையில் வையுங்கள். கறி, மீன் மிச்சத்தைப் பையில் போடாமல் உணவுக் கழிவு டப்பாவில் போட்டுக் கைப்பிடியை முன்பக்கம் தள்ளிப் பூட்டுங்கள், பறவையால் திறக்க முடியாது. கடற்கரைக் கவுன்சில்கள் சில இடங்களில் கிழியாத கெட்டிப் பை தருகிறார்கள், உங்கள் தெருவுக்கு உண்டா என்று கேளுங்கள். கோபம் வந்தாலும் பறவையை ஒன்றும் செய்யாதீர்கள், சட்டப் பாதுகாப்பு உள்ளவை. அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைக்கிறேன் என்று என் தோழி ஒருத்தி ஜன்னல் விளிம்பில் வைத்தாள். பேரிலேயே காகம் இருக்கிறதே என்று நினைத்தாளோ என்னவோ! பத்து நிமிடத்தில் அந்தத் தெருவின் மொத்தக் கூட்டமும் அவள் ஜன்னலில். மறுநாளும் வந்தன, அதற்கு மறுநாளும்.

வடை சுட்ட எண்ணெயையும் சிங்க்கில் ஊற்றாதீர்கள். டெவன் கரையில் சிட்மவுத் என்ற சின்ன ஊரின் சாக்கடைக்குள் கொழுப்பும் துடைக்கும் ஈரத்தாளும் சேர்ந்து 64 மீட்டர் நீளத்துக்கு இறுகிக் கிடந்தது 2019இல் செய்தியானது. ஆறவைத்துப் பாட்டிலில் ஊற்றி டிப்பில் கொடுக்கலாம்.

கேள்வி கேட்டவர்: அக்கா, பட்டியலைப் பார்த்தேன். சோஃபா வீட்டுக்காரருடையதுதான்.

பதில்: நல்லவேளை. நாலு பக்கமும் ஃபோட்டோ எடுத்து அவருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, இருக்கிற இடத்திலேயே விடுங்கள். மெத்தைக்கு இன்றைக்கே பதிவு செய்யுங்கள்.