ஸ்டீராய்டு ஆரம்பிச்சதுல இருந்து பையன் வெயிட் ஏறிக்கிட்டே போகுது, சாப்பாட்டைக் குறைக்கலாமா?

திண்டுக்கல்_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். என் பையனுக்கு ஆறு வயசு. ஜூன் மாசம் ஒருநாள் காலைல எந்திரிச்சப்ப ரெண்டு கண்ணும் உப்பிப் போயிருந்துச்சு, ஏதோ பூச்சி கடிச்சிருக்கும்னு நினைச்சு அலர்ஜி மருந்து வாங்கிக் குடுத்தோம், நாலு நாள்ல வயிறு கால் எல்லாம் வீங்கிருச்சு. அப்புறம்தான் யூரின் டெஸ்ட் எடுத்து நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோம்னு சொன்னாங்க, கிட்னி வழியா புரோட்டீன் யூரின்ல போயிடற நோயாம். வைசோலோன்ங்கற ஸ்டீராய்டு மாத்திரை 40 மில்லிகிராம் தினமும் ஆறு வாரம், அது முடிஞ்சு இப்ப 30 மில்லிகிராம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். மொத்தம் பத்தாவது வாரம் ஓடுது.

ஆஸ்பத்திரில சேர்த்தப்ப 22.5 கிலோ, வீக்கம் வடிஞ்சதும் 19.5க்கு வந்துட்டான், இப்ப 23 கிலோ. முகம் வட்டமா ஆயிருச்சு, கன்னம் ரெண்டும் தொங்குது, வயிறு முன்னாடி தள்ளுது. பசின்னா அப்படி ஒரு பசி. முன்னாடி ரெண்டு இட்லிக்கு மேல சாப்பிட மாட்டான், இப்ப அஞ்சு சாப்பிட்டுட்டு பத்து மணிக்கெல்லாம் அம்மா பசிக்குதுங்கறான். போன மாசம் ஒருநாள் ராத்திரி ரெண்டு மணிக்கு சத்தம் கேட்டு எந்திரிச்சுப் பாத்தா அடுப்படில தரைல உக்காந்து பொட்டுக்கடலை டப்பாவை மடில வச்சு தின்னுக்கிட்டு இருக்கான், என்னைப் பாத்ததும் அழுதுட்டான். எனக்கு அவனைத் திட்டவும் மனசு வரல, குடுக்கவும் பயமா இருக்கு. ஸ்கூல்ல பசங்க பன்னு பன்னுன்னு கூப்பிடுறாங்களாம், போகமாட்டேங்கறான். அத்தை என்னடான்னா மாத்திரையைப் பாதியா குறைச்சுக் குடு எல்லாம் சரியாயிடும்ங்கறாங்க. சாப்பாட்டைக் குறைக்கலாமா, இது திரும்பவும் நீர் வீக்கமா இல்ல சதையா, எப்படிக் கண்டுபிடிக்கிறது? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

காவேரிக்கரை:

சிஸ்டர், படிக்கும்போதே கண்ணு கலங்கிருச்சு, அந்தப் பொட்டுக்கடலை டப்பா எங்க வீட்ல பிஸ்கட் டப்பாவா இருந்துச்சு. என் பையனுக்கு நாலு வயசுல வந்துச்சு, ஆறு தடவை ரிலாப்ஸ், அதாவது நோய் திரும்ப வந்து, இப்ப பதிமூணு வயசு, ரெண்டு வருஷமா மாத்திரையே இல்ல. அதனால தெரிஞ்சதை சொல்றேன்.

நீரா சதையான்னு கேட்டீங்கல்ல, அதான் முக்கியமான கேள்வி. 22.5 கிலோவை மறந்துடுங்க, அது தண்ணி வெயிட். வீக்கம் வடிஞ்சப்ப இருந்த 19.5தான் உங்க கணக்கு. நீர் வீக்கம்னா வெயிட் ரெண்டு மூணு நாள்லயே சடார்னு ஒரு கிலோ ஏறும், காலைல கண்ணு இமை உப்பும், சாயங்காலம் கால் வீங்கும், சாக்ஸ் கழட்டினா ரப்பர் தடம் பள்ளமா நிக்கும். முழங்காலுக்குக் கீழ முன்பக்க எலும்பு மேல கட்டை விரலை வச்சு கொஞ்ச நேரம் அழுத்திட்டு எடுங்க, குழி விழுந்து மெதுவா நிறைஞ்சா அது தண்ணி. ஸ்டீராய்டு முகம் அப்படி இல்ல, காலைலயும் சாயங்காலமும் ஒரே மாதிரி இருக்கும், கன்னம் மெத்துன்னு இருக்கும் ஆனா குழி விழாது, வாரக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா ஏறும். நீங்க சொல்றதைப் பாத்தா எனக்கு இது சதை மாதிரிதான் தோணுது ஆனா யூரின் பாக்காம யாரும் முடிவா சொல்ல முடியாது.

வீட்ல யூரின் பாக்குறீங்களா? காலைல முதல் யூரின்ல ஸ்டிரிப் நனைச்சு டப்பாவுல இருக்கற கலரோட ஒத்துப் பாக்கணும், மஞ்சள்னா இல்ல, பச்சை ஏற ஏற புரோட்டீன் போகுதுன்னு அர்த்தம். எங்களுக்கு அப்ப ஸ்டிரிப் வாங்க வசதி இல்ல, டாக்டர் சொல்லிக் குடுத்தபடி டெஸ்ட் டியூப்ல யூரின் எடுத்து சல்ஃபோசாலிசிலிக் ஆசிட் சொட்டு விடுவேன், தெளிவா இருந்தா நிம்மதி, அரிசி கழுவின தண்ணி மாதிரி கலங்கினா அன்னைக்கு சோறு இறங்காது. ஒரு நோட்டு போட்டு தேதி, யூரின், வெயிட், மாத்திரை நாலும் எழுதுங்க. தொடர்ந்து மூணு நாள் ஸ்டிரிப்ல 3 பிளஸ்ங்கற அளவுக்குப் பச்சை வந்தா ரிலாப்ஸ், உடனே டாக்டரைப் பாக்கணும். வெயிட்டை தினமும் பாத்து மனசைக் கெடுத்துக்காதீங்க, வீக்கம் இல்லாதப்ப வாரத்துக்கு ஒருநாள் காலைல வெறும் வயித்துல போதும்.

சாப்பாடு விஷயத்துல நான் பண்ண தப்பு, பட்டினி போட்டது. டப்பாவை எல்லாம் பரண்ல ஏத்தி வச்சேன், அவன் பக்கத்து வீட்ல போய் கேட்டு சாப்பிட ஆரம்பிச்சுட்டான். அந்தப் பசி குழந்தையோட பேராசை இல்ல சிஸ்டர், மருந்து பண்ற வேலை. வளர்ற குழந்தை, வயிறு நிறையணும், எதை வச்சு நிறையுதுங்கறதைத்தான் மாத்த முடியும். அஞ்சு இட்லிக்கு பதிலா மூணு இட்லி, ஒரு கிண்ணம் பருப்பும் காயும் நிறைய போட்ட சாம்பார், அதுல உப்பு கம்மி. பத்து மணிக்கு வெள்ளரிக்காய், கொய்யா, இல்லன்னா ஒரு கைப்பிடி பச்சப்பயறு சுண்டல். மதியம் சோத்தை விட சுரைக்காய் புடலங்காய் கூட்டு அதிகமா. ராத்திரி படுக்கும்போது ஒரு அவிச்ச முட்டை குடுத்தேன், அதுக்கப்புறம் நடுராத்திரி எந்திரிக்கறது குறைஞ்சுச்சு. ஜூஸ், சத்து பவுடர் கலந்த பால், மிக்சர், சிப்ஸ், பிஸ்கட் இதெல்லாம் வீட்டுக்குள்ளயே வரக்கூடாது, அவனுக்கு மட்டும் இல்ல, யாருக்கும். அண்ணன் முன்னாடி உக்காந்து முறுக்கு தின்னா இவன் எப்படி சும்மா இருப்பான். அப்பளம், ஊறுகாய், கருவாடு மூணும் எங்க வீட்ல ஒன்பது வருஷமா இல்ல.

ஊதா_மலர்:

நான் குழந்தையோட அம்மா இல்ல, நானே ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுறவ, எனக்கு லூபஸ், உடம்போட எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்கற நோய். உங்க பையன் சொல்லத் தெரியாம இருக்கறதை நான் சொல்லலாம்னு எழுதுறேன். எனக்கும் 40ல ஆரம்பிச்சு எட்டு மாசத்துல 52 கிலோல இருந்து 68க்கு போனேன். என் பழைய ஜாக்கெட்டைப் போட்டா கை லூசா தொங்கும் ஆனா முன்னாடி கொக்கி பூட்டாது. அப்பதான் டாக்டர் சொன்னாங்க, கொழுப்பு முகம், கழுத்துக்குப் பின்னாடி, வயிறுன்னு போய் சேருது, கை கால் தொடைல தசை கரையுதுன்னு. அதனால வெறும் சாப்பாட்டைக் குறைச்சா இருக்கற தசையும் போயிடும், நடக்கணும் மாடி ஏறணும் புரோட்டீன் சாப்பிடணும். உங்க பையனுக்கு வீக்கம் இல்லன்னா ஓடி விளையாட விடுங்க, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு.

உண்மையை சொல்லிடறேன், டோஸ் அதிகமா இருக்கறப்ப நான் என்ன பண்ணியும் வெயிட் குறையல, ஏறறது மட்டும் நின்னுச்சு, அதுவே பெரிய விஷயம். டோஸ் 10க்குக் கீழ வந்தப்புறம்தான் முகம் வடிய ஆரம்பிச்சுச்சு, பழைய அளவுக்குக் கிட்ட வர ஒன்றரை வருஷம் ஆச்சு. இன்னொண்ணு, அந்த நாள்கள்ல எனக்கு காரணமே இல்லாம கோவமும் அழுகையும் வரும், தூக்கம் வராது. மாத்திரையை காலைல சாப்பாட்டுக்கு அப்புறம் போட ஆரம்பிச்சப்புறம் தூக்கம் கொஞ்சம் பரவால்ல. குழந்தை சிடுசிடுன்னு இருந்தா அதுவும் மருந்தாதான் இருக்கும், அடிச்சுடாதீங்க.

திண்டுக்கல்_அம்மா:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, அழுதுக்கிட்டேதான் படிச்சேன். ஒண்ணு மறைச்சுட்டேன், சொல்லிடறேன். போன வாரம் ஒரு தடவை 30க்கு பதிலா 15தான் குடுத்தேன், அத்தை சொன்னதை கேட்டு. இவரும் சரின்னுட்டார். ஒரு தடவைதானே, ஏதாவது ஆகுமா? சொந்தக்காரர் ஒருத்தர் நாட்டு மருந்துப் பொடி இருக்கு, ஸ்டீராய்டே வேண்டாம்ங்கறார்.

ஓய்வு_நர்ஸ்:

அம்மாடி, குழந்தைங்க வார்டுல இருபது வருஷத்துக்கு மேல வேலை பாத்தவ நான், கோவப்படல, ஆனா இதை கவனமா படி. நம்ம கிட்னி மேல அட்ரினல்னு ஒரு சுரப்பி உக்காந்திருக்கு, உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டை அதுதான் சுரக்கும். வெளில இருந்து வாரக்கணக்கா மாத்திரையா வந்தா அது தூங்கிடும். திடீர்னு மாத்திரையை நிறுத்தினா அது உடனே முழிக்காது, வாந்தி, சோர்வு, பிரஷர் இறங்கறது, சர்க்கரை இறங்கறது, மயக்கம் வரைக்கும் போகும். அதனாலதான் படிப்படியா இறக்குறாங்க. ஒரு தடவை குறைஞ்சதை நாளைக்கே டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லு, நீயா கூட்டிக் குடுத்து ஈடு கட்டாதே.

இன்னொரு கணக்கு உங்க அத்தைகிட்ட சொல்லு. வெயிட்டுக்கு பயந்து மாத்திரையைக் குறைச்சு அதனால நோய் திரும்ப வந்துச்சுன்னா மறுபடி தினமும் 40ல இருந்துதான் ஆரம்பிப்பாங்க. குறைக்கறேன்னு போய் ஸ்டீராய்டு அதிகமாதான் உடம்புக்குள்ள போகும். அடிக்கடி ரிலாப்ஸ் ஆச்சுன்னா ஸ்டீராய்டைக் குறைக்க வேற மருந்தெல்லாம் இருக்கு, லெவாமிசோல், மைக்கோஃபினோலேட்னு, அதை டாக்டர் பாத்து முடிவு பண்ணுவார். பொடி வேண்டவே வேண்டாம். பேர் போடாத பொடில சில சமயம் ஸ்டீராய்டையே கலந்து வச்சிருப்பாங்க, அப்ப எவ்வளவு போகுதுன்னே உனக்குத் தெரியாது.

டாக்டரைப் பாக்கப் போறப்ப வெயிட்டோட உயரமும் பிரஷரும் பாக்கச் சொல்லு, கண்ணு டெஸ்ட் எப்பன்னு கேளு, கால்சியமும் வைட்டமின் டியும் எழுதியிருக்காரான்னு பாரு. தாகம் அதிகமாயி அடிக்கடி யூரின் போனா சுகர் பாக்கணும். காய்ச்சலோ வாந்தியோ வந்து மாத்திரை உள்ள நிக்கலன்னா காத்திருக்காம கூட்டிட்டுப் போ. ஸ்கூல்ல யாருக்காவது அம்மை போட்டிருந்தா அன்னைக்கே டாக்டருக்கு சொல்லணும், தடுப்பூசி எது போடறதுன்னாலும் அவர்கிட்ட கேக்காம போடக்கூடாது.

காவேரிக்கரை:

ஸ்கூல் விஷயம் விட்டுப் போச்சு. நான் நேரா டீச்சர்கிட்ட போய் இது மாத்திரையால வந்த முகம், சில மாசத்துல போயிடும்னு சொன்னேன். அவங்க கிளாஸ்ல பசங்களை உக்கார வச்சு எல்லாருக்கும் புரியற மாதிரி பேசுனாங்க, அடுத்த வாரம் கேலி நின்னுச்சு. பையன்கிட்டயும் சொல்லுங்க, ஒளிக்காதீங்க. நான் அவன் போட்டோவையே காட்டி இந்தக் கன்னம் மாத்திரையோடது, மாத்திரை போனா அதுவும் போயிடும்னு சொல்லுவேன்.

திண்டுக்கல்_அம்மா:

நேத்து டாக்டரைப் பாத்தோம். 15 குடுத்ததை சொல்லிட்டேன், கொஞ்சம் கடிஞ்சுக்கிட்டார், அத்தையையும் கூட்டிட்டுப் போனதால அவங்களும் காதால கேட்டாங்க. பிரஷர் நார்மல். கால்ல அழுத்திப் பாத்தார், குழி விழல. மாத்திரை அதே 30தான், மிச்சம் ரெண்டு வாரம். ஸ்டிரிப் டப்பா ஒண்ணு வாங்கிட்டோம், இன்னைக்கு காலைல முதல் தடவையா நானே பாத்தேன், மஞ்சளாவே இருந்துச்சு, நோட்டுல புரோட்டீன் இல்லன்னு எழுதிட்டேன். அத்தை இப்ப உப்பு போடாம சுண்டல் தாளிச்சுக்கிட்டு இருக்காங்க.